மரியா மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 – மே 6, 1952) இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். மாண்டிசோரி முறை என அவரது பெயராலேயே வழங்கும் குழந்தைக் கல்வி முறையை உருவாக்கியவர் இவரே. குழந்தை தன் கைகளால் உண்மையான வேலைகளைச் செய்து, தன் வேகத்தில் தானே கற்றுக்கொள்கிறது என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும். பொத்தான் போடுதல், தண்ணீர் ஊற்றுதல், மேசை துடைத்தல், உணவு பரிமாறுதல் முதலான அன்றாட வேலைகளைப் பள்ளிப் பாடத்தின் ஒரு பகுதியாக்கியது இவரது முக்கியப் பங்களிப்புகளுள் ஒன்று. இவை நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகள் எனப்படுகின்றன. இரண்டாம் உலகப் போரின் காரணமாக இவர் பல ஆண்டுகள் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

இளமையும் கல்வியும்

மரியா மாண்டிசோரி இத்தாலியின் அங்கோனா மாகாணத்தில் உள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ மாண்டிசோரி நிதித்துறை அலுவலர். அவ்வூரில் இருந்த அரசுப் புகையிலை ஆலை தொடர்பான பணியில் இருந்தார். தாய் ரெனில்தே ஸ்தொப்பானி நூல்களில் ஈடுபாடு கொண்டவர். அக்கால இத்தாலியப் பெண்களுள் பெரும்பாலோர்க்குக் கிட்டாத கல்வி அவருக்குக் கிட்டியிருந்தது. தந்தையின் பணி மாற்றம் காரணமாகக் குடும்பம் முதலில் புளோரன்சு நகருக்கும், 1875 ஆம் ஆண்டில் உரோமை நகருக்கும் குடிபெயர்ந்தது.

பதின்மூன்றாம் வயதில் மரியா ஒரு தொழில்நுட்ப இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தார். அது பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே பயின்ற பள்ளி. முதலில் பொறியாளர் ஆக விரும்பிய அவர், பள்ளிக் கல்வி முடியும் தறுவாயில் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். தந்தைக்கு இதில் விருப்பம் இல்லை. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியரான குவீதோ பச்செல்லியும் அவரை ஊக்குவிக்கவில்லை. எனவே 1890 இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் மாணவியாகச் சேர்ந்து, அதில் தேர்ச்சி பெற்ற பின்னர் 1893 இல் மருத்துவப் படிப்புக்குள் நுழைந்தார்.

மருத்துவ மாணவியாக அவர் பல இடர்ப்பாடுகளை எதிர்கொண்டார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிணக்கூறாய்வு செய்வது முறையன்று எனக் கருதப்பட்டது. அதனால் அவர் மற்றவர்கள் சென்ற பிறகு தனியாக அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. 1896 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என இவர் பல இடங்களில் குறிப்பிடப்படுகிறார். எனினும் இவருக்கு முன்பே சில பெண்கள் இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்றுள்ளனர். எனவே முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் எனக் கூறுவதே பொருந்தும்.

அதே ஆண்டில் பெர்லினில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பாளராகக் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான ஊதியம் வழங்கப்பட வேண்டும் என வலியுறுத்தினார்.

மருத்துவப் பணி

பட்டம் பெற்ற பின் மாண்டிசோரி உரோமைப் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் தன்னார்வ உதவியாளராகப் பணியாற்றினார். அப்பணியின் பகுதியாக நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்று வந்தார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அக்காலத்தில் பெரியவர்களுடன் சேர்த்து அங்கேயே அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் இருந்த அறைகளில் தொட்டுப் பார்க்கவோ எடுத்து விளையாடவோ ஒரு பொருளும் இல்லை. ஒரு காப்பகத்தில் உணவு முடிந்த பின் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தனர். பணியாளர் அதனைப் பேராசை எனக் கருதினார். கைகளுக்கு வேலை எதுவும் இல்லாததால் குழந்தைகள் கிடைத்த ஒரே பொருளைத் தேடுகின்றனர் என மாண்டிசோரி கருதினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

இக்குழந்தைகளுக்குத் தேவைப்படுவது மருந்தைவிடக் கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இழான் இத்தார், எதுவார் செகுவான் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து படித்தார். புலன்கள் வழியாகவும் கைவேலை வழியாகவும் கற்பிக்கும் செகுவானின் முறை அவரை வெகுவாகக் கவர்ந்தது. 1900 இல் உரோமையில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் இணை இயக்குநரானார். அங்கு பயின்ற குழந்தைகளுள் சிலர் இயல்பான குழந்தைகளுடன் பொதுத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றனர். இதனைப் பலரும் வியந்து பாராட்டினர். மாண்டிசோரிக்கோ வேறோர் ஐயம் எழுந்தது. குறைபாடுள்ள குழந்தைகளே இந்த அளவு முன்னேற முடியுமாயின், நல்ல உடல்நலமும் அறிவும் கொண்ட குழந்தைகள் வழக்கமான பள்ளிகளில் ஏன் இவ்வளவு குறைவாகக் கற்கின்றனர் என்பதே அது. இக்கேள்வியே அவரது பிற்காலப் பணிகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

மகன் மாரியோ

மருத்துவமனைப் பணியின்போது உடன் பணியாற்றிய யுசெப்பே மொந்தெசானோ என்னும் மருத்துவருடன் மாண்டிசோரிக்கு நெருக்கம் ஏற்பட்டது. 1898 மார்ச் 31 அன்று அவர்களுக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. திருமணமாகாத தாய் என்பது வெளியே தெரிந்தால் ஒரு பெண் மருத்துவரின் பணி வாழ்வு முடிந்துவிடும் நிலை அன்று இருந்தது. குழந்தை பிறந்தவுடன் நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. 1901 இல் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி தாம் இயக்குநராக இருந்த பள்ளியை விட்டு விலகினார்.

மகனை அவர் அவ்வப்போது சென்று பார்த்துவந்தார். ஆனால் தாய் என்று தம்மை வெளிப்படுத்திக் கொள்ளவில்லை. 1912 ஆம் ஆண்டின் இறுதியில் தம் தாயார் இறந்த பின்னரே, பதின்ம வயதை அடைந்திருந்த மாரியோவைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். அதன் பிறகும் நெடுங்காலம் அவரை உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் வெளியில் அறிமுகப்படுத்தினார். உலகெங்கும் உள்ள குழந்தைகளுக்காக உழைத்த ஒருவர் தம் சொந்த மகனின் குழந்தைப் பருவத்தை உடனிருந்து காண இயலாமற் போனது அவரது வாழ்வின் பெரும் முரணாகும். மாரியோ பின்னாளில் அவரது மொழிபெயர்ப்பாளராகவும் நெருங்கிய உடன் பணியாளராகவும் விளங்கினார்.

குழந்தைகள் இல்லம்

உரோமை நகரின் சான் லொரேன்சோ பகுதி அன்று வறுமைக்குப் பெயர்போனது. அங்கு பாதியில் கைவிடப்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களை ஒரு வீட்டுவசதி நிறுவனம் சீர்செய்து தொழிலாளர் குடும்பங்களைக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் சேதம் விளைவித்தனர். அவர்களைப் பகலில் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள நிறுவனத்தின் இயக்குநர் எதுவார்தோ தலாமோ மாண்டிசோரியின் உதவியை நாடினார். சிறப்புக் குழந்தைகளுக்குப் பயன்படுத்திய முறைகளை இயல்பான குழந்தைகளிடம் செய்து பார்க்கக் காத்திருந்த மாண்டிசோரி உடனே ஒப்புக்கொண்டார்.

1907 ஜனவரி 6 அன்று முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் இது காசா தெய் பம்பீனி எனப்படும். ஏறத்தாழ 50 முதல் 60 குழந்தைகள் அங்கு இருந்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியர் எவரும் இல்லை. அதே பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார். மாண்டிசோரி அவ்வப்போது வந்து குழந்தைகளை உற்றுநோக்கினார்.

கை கழுவுதல், உடுத்துதல், பெருக்குதல், தூசி துடைத்தல், செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற வேலைகள் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றன. குழந்தைகளின் தூய்மைக்காகவும் ஒழுங்குக்காகவும் கொண்டுவரப்பட்ட இவ்வேலைகளை, எதிர்பார்த்ததைவிட மிகுந்த ஆர்வத்துடன் குழந்தைகள் செய்தனர். விலையுயர்ந்த பொம்மைகளை ஒதுக்கிவிட்டு இவ்வேலைகளையே நாடினர். தூசியே இல்லாத மேசையையும் மீண்டும் மீண்டும் துடைத்தனர்.

இதனைக் கண்ட மாண்டிசோரி வகுப்பறையின் அமைப்பையே மாற்றினார். நகர்த்த முடியாத நீண்ட பலகைகளுக்குப் பதிலாகக் குழந்தை தூக்கக்கூடிய எடையில் சிறு மேசைகளும் நாற்காலிகளும் செய்யப்பட்டன. கைக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டிகள் வைக்கப்பட்டன. ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்தபோது குழந்தைகள் தாமே பொருட்களைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தத் தொடங்கினர். அதன் பின்னர் பூட்டிய உயர்ந்த அலமாரிகள் நீக்கப்பட்டுத் தாழ்வான திறந்த அலமாரிகள் வந்தன.

அக்காலத்து நிகழ்வு ஒன்றை மாண்டிசோரி பிற்காலத்தில் விரிவாக எழுதியுள்ளார். ஒருநாள் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எப்படி என்று குழந்தைகளுக்குச் செய்து காட்டினார். அவர்கள் சிரிப்பார்கள் என்றே எதிர்பார்த்தார். மாறாக, குழந்தைகள் மிகுந்த கவனத்துடன் பார்த்து முடிவில் கைதட்டினர். மூக்கொழுகுவதற்காக எப்போதும் திட்டு வாங்கும் ஏழைக் குழந்தைகளுக்கு, அதனை எவ்வாறு சரிசெய்வது என்று அதுவரை எவரும் அமைதியாகக் கற்றுத்தரவில்லை என்பதை அவர் அப்போது உணர்ந்தார். சிறிய வேலையைக் கூட அவமதிப்பின்றிக் கற்றுத்தருவது குழந்தையின் தன்மதிப்பைக் காப்பதாகும் என்ற கொள்கை இத்தகைய அனுபவங்களிலிருந்தே உருவானது.

நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகள்

மாண்டிசோரி முறையில் மூன்று வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு முதலில் அளிக்கப்படுபவை நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகளாகும். புலன் பயிற்சி, மொழி, கணிதம் ஆகியவை இவற்றைத் தொடர்ந்து வருகின்றன. இப்பயிற்சிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. தன்னைப் பேணுதல்: கை கழுவுதல், தலை வாருதல், உடுத்துதல், காலணி துடைத்தல்.
2. சூழலைப் பேணுதல்: பெருக்குதல், தூசி துடைத்தல், மேசை கழுவுதல், உலோகப் பொருட்களைத் துலக்குதல், செடிகளையும் விலங்குகளையும் கவனித்தல்.
3. பண்புடன் பழகுதல்: வணக்கம் கூறுதல், நன்றி கூறுதல், குறுக்கே செல்லாமல் விலகி நடத்தல், ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திருத்தல்.
4. உடல் அசைவைக் கட்டுப்படுத்துதல்: தரையில் நீள்வட்டமாக வரையப்பட்ட கோட்டின் மீது நடத்தல், அனைவரும் அசையாது அமர்ந்து அமைதியைக் கேட்டல்.

உடுத்துதலைக் கற்பிக்க மாண்டிசோரி தனிக் கருவி ஒன்றை வடிவமைத்தார். ஒரு மரச்சட்டத்தின் இருபுறமும் துணிகள் பொருத்தப்பட்டு, அவை நடுவில் இணையும். ஒரு சட்டத்தில் பெரிய பொத்தான்கள் இருக்கும். மற்றொன்றில் சிறிய பொத்தான்கள். பிறவற்றில் கொக்கி, நாடா முடிச்சு, காலணிக் கயிறு ஆகியவை. உடல் மீதுள்ள சட்டையில் பொத்தான் போடும்போது குழந்தையால் தன் விரல்களைச் சரியாகப் பார்க்க இயலாது. சட்டத்தை மேசை மீது வைத்துப் பழகும்போது அக்கடினம் நீங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடினத்தை மட்டும் தனியே பிரித்து அளிப்பது இம்முறையின் பொதுவிதியாகும்.

கற்பிக்கும் முறையும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் குழந்தையின் அருகில் அமர்ந்து, மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் பிரித்துச் செய்து காட்டுகிறார். அப்போது பேச்சு மிகக் குறைவாக இருக்கும். ஏனெனில் சொல்லைக் கேட்பதா கையைப் பார்ப்பதா என்ற குழப்பம் குழந்தைக்கு ஏற்படக்கூடாது. ஊற்றும் பயிற்சியில் முதலில் தானியங்கள் ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு ஊற்றப்படும், பின்னரே நீர். செய்து காட்டிய பிறகு ஆசிரியர் விலகிக்கொள்வார். குழந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் அதனைச் செய்யலாம். முடிந்ததும் பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அலமாரியில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வேறொரு குழந்தை அதனைப் பயன்படுத்திக் கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும்.

கலங்கள் உடையாத பொருளால் செய்யப்படுவதில்லை. கண்ணாடிக் குவளைகளும் பீங்கான் தட்டுகளுமே பயன்படுத்தப்படுகின்றன. கவனமின்றிக் கையாண்டால் தட்டு உடையும். நீர் சிந்தினால் மேசை நனையும். ஆசிரியர் கடிந்துகொள்ளாமலே குழந்தை தன் பிழையைத் தானே காண்கிறது. சிந்திய நீரைத் துடைப்பதும் அப்பயிற்சியின் பகுதியே. இது தவறைத் தானே உணரும் அமைப்பு எனப்படுகிறது.

இவ்வேலைகளின் நோக்கம் வீட்டு வேலை கற்பது மட்டுமன்று. மேசை கழுவும் குழந்தை வாளி, கடற்பஞ்சு, சோப்பு, துணி ஆகியவற்றை வரிசையாக எடுத்து, இடமிருந்து வலமாகத் துடைத்து, ஒழுங்கு மாறாமல் முடிக்கிறது. இதனால் ஒரு செயலைத் தொடங்கி முடிக்கும் பழக்கமும், நீண்ட நேரம் கவனம் சிதறாதிருக்கும் ஆற்றலும் உருவாகின்றன. விரல்களின் நுண்ணிய அசைவுகள் பின்னர் எழுதுகோலைப் பிடிப்பதற்கும் உதவுகின்றன. பிறர் உதவியின்றித் தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள இயலாத ஒருவர் உண்மையில் விடுதலை பெற்றவர் அல்லர் என்பது மாண்டிசோரியின் கருத்து. குழந்தைக்குத் தேவையற்ற இடத்தில் செய்யப்படும் உதவி அதன் வளர்ச்சிக்குத் தடையாகும் என அவர் வலியுறுத்தினார்.

1908 டிசம்பரில் மெசினா நகரை அழித்த நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த ஏறத்தாழ 60 குழந்தைகள் உரோமையில் உள்ள கன்னியர் மடம் ஒன்றில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பேசாமலும் சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இருந்தனர். அங்கு மாண்டிசோரி முறைப்படி ஒரு பள்ளி அமைக்கப்பட்டது. மேசை விரித்தல், பரிமாறுதல், தோட்டவேலை, வீட்டைப் பேணுதல் முதலியவற்றில் ஈடுபட்ட குழந்தைகள் படிப்படியாக மீண்டும் பசியும் உறக்கமும் மகிழ்ச்சியும் பெற்றதாக மாண்டிசோரி பதிவு செய்துள்ளார்.

உலகெங்கும் பரவுதல்

1909 இல் சித்தா தி காசுதெல்லோ நகரில் முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பை மாண்டிசோரி நடத்தினார். அதே ஆண்டில் அவரது கல்வி முறையை விளக்கும் முதல் நூல் வெளியானது. 1912 இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1913 டிசம்பரில் அவர் அமெரிக்கா சென்றபோது நியூயார்க்கின் கார்னகி அரங்கில் உரையாற்றினார். தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவரது மனைவியும் அவரது முறைக்கு ஆதரவளித்தனர்.

1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. 21 குழந்தைகள் அதில் நான்கு மாதங்கள் பயின்றனர். பார்வையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே அமர்ந்து அவர்களைக் கவனித்தனர். நண்பகலில் குழந்தைகள் தாமே உணவு பரிமாறி, உண்டு, பாத்திரங்களைக் கழுவி வைக்கும் காட்சி மிகுதியானோரைக் கவர்ந்தது.

இதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் இம்முறையைத் திறனாய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். கற்பனைக்கும் கூட்டுச் செயல்பாட்டுக்கும் இம்முறை போதிய இடம் அளிக்கவில்லை என்றும், புலன் பயிற்சிக் கருவிகள் குறுகியவை என்றும் அவர் குறைகூறினார். எனினும் நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகளை அவர் பயனுள்ளவையாகவே மதித்தார். இந்நூலுக்குப் பின் அமெரிக்காவில் மாண்டிசோரி முறையின் செல்வாக்கு குறைந்தது. 1960 இல் அமெரிக்க மாண்டிசோரி கழகம் தோன்றிய காலத்திலேயே அது மீண்டும் அங்கு பரவத் தொடங்கியது.

1929 இல் மாண்டிசோரியும் அவர் மகன் மாரியோவும் அனைத்துலக மாண்டிசோரி சங்கத்தை நிறுவினர்.

முசோலினி அரசுடன் உறவும் முறிவும்

1924 இல் மாண்டிசோரி இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியைச் சந்தித்தார். அதன்பின் இத்தாலிய அரசு அவரது பள்ளிகளுக்கு ஆதரவு அளித்தது. தம் முறை நாடு முழுவதும் பரவும் என்ற நம்பிக்கையில் அவர் இவ்வாதரவை ஏற்றுக்கொண்டார். இதற்காக அவர் இன்றுவரை விமர்சிக்கப்படுகிறார். தானே தேர்ந்து, தானே சிந்திக்கும் குழந்தையை உருவாக்க விரும்பிய கல்விமுறையும், கீழ்ப்படிதலை மட்டுமே விரும்பிய அரசும் நெடுநாள் இணைந்திருக்க இயலவில்லை. 1930களின் நடுப்பகுதியில் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. அவரும் நாட்டை விட்டு வெளியேறினார். செருமனியிலும் நாசி அரசு மாண்டிசோரி பள்ளிகளை மூடியது. அவர் தங்கியிருந்த பார்சலோனாவில் 1936 இல் உள்நாட்டுப் போர் வெடித்ததால் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் குடியேறினார். இக்காலத்தில் கல்வி வழியாக உலக அமைதி என்ற பொருளில் பல உரைகளை ஆற்றினார்.

இந்தியாவில்

1931 இல் இலண்டனில் மகாத்மா காந்தி மாண்டிசோரியைச் சந்தித்தார். இரவீந்திரநாத் தாகூரும் அவரது கல்வி முறையில் ஈடுபாடு கொண்டிருந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரி மாரியோவுடன் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாறில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களே தங்கும் திட்டத்துடன் வந்த அவர்கள் போரினால் திரும்ப இயலவில்லை. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய இந்திய அரசு அவர்களைப் பகைநாட்டினராகக் கருதியது. மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அவரது எழுபதாம் பிறந்தநாளில், மாரியோவை விடுவிப்பதாக அரசுப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. அதில் மாரியோ அவரது மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தார் என வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியுள்ளனர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியில் சொல்லப்படாத உறவு ஓர் அரசுத் தந்தியில் வெளிப்படையாக இடம்பெற்றது.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அங்கு பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து பயின்ற சிறிய பள்ளி ஒன்றை நடத்தினர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன இப்பணியில் துணைநின்றார். மலைப்பகுதியின் செடிகொடிகளும் பூச்சிகளும் கற்களும் பாடப்பொருளாயின. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான அண்டக் கல்வி என்ற பாடத்திட்டம் இங்குதான் விரிவாக உருப்பெற்றது. உயிர்களும் உயிரற்றவையும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பது இதன் மையக் கருத்து. 1944 இல் இலங்கையிலும் மாண்டிசோரி பயிற்சி வகுப்பு நடத்தினார்.

தொடக்கப்பள்ளி வயதில் நடைமுறைக் கல்வி

ஆறு வயதுக்குப் பின் குழந்தையின் இயல்பு மாறுகிறது என மாண்டிசோரி விளக்கினார். மூன்று வயதுக் குழந்தை நீர் ஊற்றும் செயலுக்காகவே நீர் ஊற்றுகிறது. ஏழு வயதுச் சிறுவனுக்கு அது சலிப்பைத் தரும். அவ்வேலையால் விளையும் பயன் என்ன, அது யாருக்கு உதவும் என்று அவன் அறிய விரும்புகிறான். நண்பர் குழுவும், நேர்மை பற்றிய கேள்விகளும் அவனுக்கு முக்கியமாகின்றன.

எனவே தொடக்கப்பள்ளி நிலையில் நடைமுறைப் பயிற்சிகள் தனித்தனிக் கருவிகளிலிருந்து உண்மையான பொறுப்புகளாக மாறுகின்றன. வகுப்பறைத் தூய்மையையும் செடிகளையும் மாணவர்கள் தமக்குள் பிரித்துக்கொண்டு கவனிக்கின்றனர். சமைத்தல், தைத்தல், விருந்தினரை வரவேற்றல், காயத்திற்கு முதலுதவி செய்தல், கணக்கு எழுதுதல் ஆகியவை இடம்பெறுகின்றன. இவை பாடங்களிலிருந்து பிரிந்து நிற்பதில்லை. சமையலுக்குப் பொருட்களை அளக்கும்போது பின்னமும், தோட்டவேலையில் தாவரவியலும் வருகின்றன.

இவ்வயதுக்கான சிறப்புப் பயிற்சியாக வெளியே செல்லுதல் என்பதை மாண்டிசோரி முன்வைத்தார். இது முழு வகுப்பையும் ஆசிரியர் அழைத்துச் செல்லும் சுற்றுலா அன்று. ஒரு கேள்விக்கு வகுப்பறையில் விடை கிடைக்காதபோது, சில மாணவர்கள் சேர்ந்து நூலகத்திற்கோ அருங்காட்சியகத்திற்கோ சந்தைக்கோ செல்லத் திட்டமிடுகின்றனர். செல்லும் வழி, பயணக் கட்டணம், எடுத்துச் செல்ல வேண்டியவை ஆகியவற்றை அவர்களே முடிவு செய்கின்றனர். பெரியவர் ஒருவர் உடன் சென்றாலும் திட்டமும் செயலும் மாணவர்களுடையவை. சரியான உடையைத் தேர்ந்தெடுத்தல், காலணிக் கயிற்றை அவிழாதவாறு கட்டுதல் போன்ற பழைய பயிற்சிகள் இங்கு புதிய பொருள் பெறுகின்றன. சாரணர் இயக்கம் இவ்வயதினரை ஈர்ப்பதற்கான காரணத்தையும் அவர் இத்தொடர்பில் சுட்டிக்காட்டியுள்ளார்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் பண்ணையில் உழைத்து, விளைபொருளை விற்று, பொருளியல் வாழ்வை நேரடியாகக் கற்க வேண்டும் என்ற திட்டத்தையும் அவர் முன்வைத்தார்.

இறுதிக் காலம்

1946 இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, 1947 இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பயிற்சி வகுப்புகளை நடத்தினார். அகமதாபாத்தில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் அமைந்த நூல் 1949 இல் அடையாறிலிருந்து வெளியானது. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்த்விக் கடற்கரை ஊரில் மூளை இரத்தக்கசிவால் தமது 81 ஆம் வயதில் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தமது உயிலில் மாரியோவை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார். மாரியோ 1982 இல் இறக்கும் வரை அனைத்துலகச் சங்கத்தை வழிநடத்தினார்.

தாக்கமும் விமர்சனமும்

குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசை நாற்காலிகளும், திறந்த அலமாரிகளும் இன்று பிற கல்வி முறைகளைப் பின்பற்றும் மழலையர் பள்ளிகளிலும் காணப்படுகின்றன. 2006 இல் சயன்சு இதழில் வெளியான ஆய்வு ஒன்று, குலுக்கல் முறையில் மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்த மாணவர்களையும் இடம் கிடைக்காதவர்களையும் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒப்பிட்டது. ஐந்து வயதுப் பிரிவில் மாண்டிசோரி மாணவர்கள் எழுத்தறிவு, கணிதம், தன் செயலைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியவற்றில் மேம்பட்டிருந்தனர்.

கற்பனைக் கதைகளுக்கும் பாவனை விளையாட்டுக்கும் இளம் வயதில் போதிய இடமளிக்காதது, பொருட்களைக் குறிப்பிட்ட ஒரே முறையில் கையாள வலியுறுத்துவது ஆகியவை இம்முறை மீது தொடர்ந்து கூறப்படும் குறைகளாகும். சேரிக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை பல நாடுகளில் மிகுந்த கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளின் அடையாளமாக மாறிவிட்டது என்பது மற்றொரு குறையாகும். மேலும், மாண்டிசோரி என்ற பெயரைப் பல நாடுகளில் எவரும் பயன்படுத்தலாம். எனவே அப்பெயர் தாங்கிய எல்லாப் பள்ளிகளும் இம்முறையைப் பின்பற்றுபவை எனக் கொள்ள இயலாது. குழந்தைகள் தாமே எடுக்கும்படி பொருட்கள் வைக்கப்பட்டுள்ளனவா, சிந்திய நீரைத் துடைக்கும் துணி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்பன போன்றவற்றைக் கொண்டு ஓரளவு வேறுபாட்டை அறியலாம்.

இத்தாலி அரசு 1990 இல் வெளியிட்ட 1000 லீரா பணத்தாளில் இவரது உருவத்தைப் பொறித்தது. இவரது 150 ஆம் பிறந்த ஆண்டான 2020 இல் நினைவு நாணயமும் வெளியிடப்பட்டது.

முக்கிய நூல்கள்

மாண்டிசோரியின் நூல்களுள் சில, தமிழ்ப் பொருளுடன்:

அறிவியல்முறைக் கல்வியியல் (1909)
கல்வியியல் மானிடவியல் (1910)
தொடக்கப்பள்ளிகளில் தற்கல்வி (1916)
குழந்தைமையின் இரகசியம் (1936)
புதிய உலகுக்கான கல்வி (1946)
குழந்தைப் பருவத்திலிருந்து குமரப் பருவத்திற்கு (1948)
ஈர்த்துக்கொள்ளும் மனம் (1949)